புரொவைடரின் உருவம் எது: பேரேடா, பெயரா, ஒன்றுமே வேண்டாமா?

தேயிலைத் தோட்டத்தின் நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கைப்பேசியில் ஒரு பதிவு விழுகிறது: ஆள் இலக்கம், கிலோ, நேரம். குறித்த கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் முழுநாள் சம்பளமான முழுப்பேர் போய், பாதிச் சம்பளமான அரைப்பேர் ஆகிவிடும் என்பதால், நிறுத்த எண் பிறகு மாறியதா இல்லையா என்ற வாய்த்தகராறு தோட்டங்களில் பழையது. ஆகவே நிறுத்த இடத்திலேயே பதிவுக்கு டிஜிட்டல் கையொப்பம் போட்டுவிட வேண்டும். ஹட்டனில் இருந்துகொண்டு இதை எழுதும் எங்கள் சிறிய குழு மூன்று இடங்களில் கையொப்பத்தைத் தொடுகிறது: மடுவத்தில் ஆண்ட்ராய்டு, சேர்வரில் ஜாவா, தோட்ட ஆபீஸில் விண்டோஸ் மேல் டாட்நெட். மூன்றிலும் கணக்கு ஒன்றுதான், பி-256 வளைகோட்டில் ஈசிடிஎஸ்ஏ என்ற கையொப்ப அல்காரிதம். அந்தக் கணக்கைச் செய்து தருகிற புரொவைடரை லைப்ரரி எந்த உருவத்தில் நம் கையில் தருகிறது என்பதில்தான் ஆளுக்கொரு வழி.

முதலில் ஜாவா. பேச நிறைய இருப்பது இதில்தான்.

ஜாவாவின் புரொவைடர் கிளாஸ் 1.1 காலத்திலிருந்து இருக்கிறது. அது புரொப்பர்ட்டீஸ் கிளாஸின் வாரிசு; அதாவது அடிப்படையில் ஒரு ஹேஷ்டேபிள். தோட்டத்தில் ஆட்களின் வேலையைக் குறிக்கும் செக்ரோல் ஏடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: இடப்பக்கம் வேலையின் பெயர், வலப்பக்கம் அதைச் செய்யும் ஆளின் பெயர். 'மெசேஜ்டைஜெஸ்ட்.ஷா-256' என்று ஒரு வேலைப்பெயர், அதற்கு எதிரே எந்த கிளாஸ் அந்த வேலையைச் செய்கிறதோ அதன் முழுப்பெயர். மாற்றுப்பெயர் வேண்டுமென்றால் அதற்கும் இதே ஏட்டில் ஒரு வரி. உண்மையான வேலை சிக்னேச்சர்எஸ்பிஐ போன்ற தனி கிளாஸ்களில் நடக்கும். நாம் கெட்இன்ஸ்டன்ஸ் என்று கேட்டால், லைப்ரரி ஏட்டைப் புரட்டி ஆளைக் கூப்பிட்டு வரும்.

இது வசதிதான். ஆனால் ஏட்டில் எதையும் எழுதலாம். வேலைப்பெயரில் ஓர் எழுத்து பிசகினால் கொம்பைலர் வாய் திறக்காது, புரொவைடரும் அமைதியாக ஏற்றுக்கொள்ளும். ஓடும்போது யாராவது அந்த அல்காரிதத்தைக் கேட்கும் கணத்தில்தான் 'அப்படியொன்று இல்லை' என்ற எக்ஸெப்ஷன் வரும். ஜாவா 5இல் வந்த புரொவைடர்.சேர்விஸ் என்ற உட்கிளாஸ் இதற்கு ஓரளவு மருந்து: வகை, அல்காரிதம், கிளாஸ் பெயர் எல்லாம் தனித்தனி ஆர்கியுமெண்ட். பழையதை உடைக்கக்கூடாது என்பதால் அடியில் ஹேஷ்டேபிள் அப்படியே கிடக்கிறது. வாரிசுரிமையை வசதிக்காகப் பயன்படுத்தினால் எத்தனை வருடம் சுமக்க வேண்டும் என்பதற்கு வகுப்பில் காட்டலாம் போன்ற உதாரணம்.

அப்புறம் வரிசை. ஜாவா.செக்யூரிட்டி என்ற கோப்பில் 1, 2, 3 என்று புரொவைடர்கள் நிற்பார்கள். பெயர் சொல்லாமல் கேட்டால் முதலில் பொருந்துகிறவருக்கு வேலை. இன்செர்ட்புரொவைடர்அட் கொண்டு பவுன்சி காசில் என்ற வெளியார் புரொவைடரை முதலாம் இடத்தில் செருகினால், அதே ஜேவிஎம்மில் (ஜாவா நிரல்களை ஓட்டும் இயந்திரத்தில்) ஓடும் எல்லாருக்கும் அது பொருந்தும், நமக்குத் தெரியாத லைப்ரரிகளுக்கும் சேர்த்து. பலர் கண்ணை மூடிக்கொண்டு செய்வது இது. எனக்குப் பிடிக்காததும் இதுவே.

இதே வரிசைக்குள் ஓர் அருமையான யோசனை ஒளிந்திருக்கிறது, மடுவத்துக் கைப்பேசியில் அதைக் கண்ணால் பார்க்கலாம். கையொப்பமிடத் தனிச்சாவி, சரிபார்க்கப் பொதுச்சாவி என்ற சாவிச்சோடியை உருவாக்கும்போது 'ஆண்ட்ராய்டுகீஸ்டோர்' என்று பெயர் சொல்லிக் கேட்கிறோம். கிடைக்கும் தனிச்சாவி ஒரு வெறும் கைப்பிடிதான். அதனிடம் கெட்என்கோடட் கேட்டால் 'நல்' (null), அதாவது வெறுமை, மட்டுமே வரும், பைட்டுகள் வெளியே வராது. ஆனால் கையொப்பமிடும் வரியில் எந்தப் பெயரும் சொல்வதில்லை. 'ஷா256வித்ஈசிடிஎஸ்ஏ' என்று மட்டும் கேட்கிறோம். லைப்ரரி உடனே ஆளை முடிவு செய்யாமல், இனிட்சைன் வழியாகச் சாவி வரும்வரை காத்திருந்து, அந்தச் சாவியை ஏற்கும் புரொவைடரைத் தேடிப் பிடிக்கிறது. அந்த வரியில் வேறொரு புரொவைடரின் பெயரை எழுதினால், பைட்டே இல்லாத சாவியை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. சாவி இருக்கும் இடமே ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும் என்ற இந்த ஏற்பாட்டை வேறெந்த லைப்ரரியிலும் இவ்வளவு இயல்பாக நான் பார்த்ததில்லை.

டாட்நெட் பக்கம் வந்தால், விண்டோஸின் சிஎன்ஜி என்ற கிரிப்டோ அமைப்புக்கான சிஎன்ஜிபுரொவைடர் என்ற கிளாஸ். திறந்து பார்த்தால் சிரிப்பு வரும்: உள்ளே ஒரு பெயர், அவ்வளவுதான். ஸ்மார்ட் கார்டுக்கு ஒன்று, மென்பொருள் சாவிக்களஞ்சியத்துக்கு ஒன்று என்று சில பெயர்களை மைக்ரோசொப்டே ஸ்டாட்டிக் புரொப்பர்ட்டியாகக் கொடுத்திருக்கிறது. பதிவேடு, வரிசை எல்லாம் விண்டோஸின் பொறுப்பு. பெயர் பிழையாக இருந்தாலும் ஆப்ஜெக்ட் நல்லபடி உருவாகும். சாவியைத் திறக்கும்போதுதான் பிழை தெரியும். வெறும் ஸ்ட்ரிங்கைவிட இது எதில் மேல் என்றால், மெதட்டுக்கு அல்காரிதம் பெயர் வரவேண்டிய இடத்தில் புரொவைடர் பெயர் போய் உட்கார முடியாது. சின்ன நன்மை, ஆனால் உண்மையான நன்மை. லினக்ஸுக்கு எடுத்துப் போக முடியாது என்பது பெரிய குறை.

அதே டாட்நெட்டில் இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். ஈசிடிஎஸ்ஏ என்ற அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை வாரிசாக எடுத்து, சைன்ஹேஷ், வெரிஃபைஹேஷ் போன்ற சிலவற்றை எழுதி, அந்த ஆப்ஜெக்டையே தேவையான இடத்துக்குக் கொடுத்துவிடலாம். புரொவைடர் என்ற இடைத்தரகரே கிடையாது. அப்ஸ்ட்ராக்ட் மெதட் ஒன்று விட்டுப்போனால் கொம்பைலர் அங்கேயே நிறுத்தும். டெஸ்ட் எழுதுவதும் சுலபம். இதன் விலை: ஆளை யார் தேர்ந்தெடுப்பது என்பதை நாமே எழுத வேண்டும், கோப்பில் ஒரு வரியை மாற்றி ஆளை மாற்றும் வசதி தானாக வராது.

ஓபன்எஸ்எஸ்எல் என்ற கிரிப்டோ லைப்ரரி சி மொழி என்பதால் ஓரமாகத்தான் வருகிறது. 2021இல் வந்த 3.0 பழைய எஞ்சின் முறையைக் கைவிடப் போவதாக அறிவித்து, புரொவைடர் முறைக்கு மாறியது. அதில் 'ஃபிப்ஸ்=யெஸ்' (அமெரிக்க அரசின் ஃபிப்ஸ் தரத்துக்கு உட்பட்டது) என்று தன்மையைச் சொல்லியே ஆளைக் கேட்கலாம். பட்டியலும் பொதுச்சொத்தாக இருக்க வேண்டியதில்லை. லைப்ரரி கன்டெக்ஸ்ட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஜாவாவின் வரிசைச் சிக்கலுக்கு நல்ல பதில்.

ஒரு விஷயத்தில் மட்டும் எந்த உருவமும் நம்மைக் காப்பாற்றாது. ஜாவா தரும் ஈசிடிஎஸ்ஏ கையொப்பம், அதன் இரு எண்களையும் நீளக்குறிப்போடு பொதியும் டெர் வடிவம், நீளம் ஒரே மாதிரி இராது. டாட்நெட் சும்மா கேட்டால், அந்த எண்களை வெறுமனே அடுத்தடுத்து வைக்கும் பி1363 வடிவத்தில் நேராக 64 பைட்டுகளைத் தரும். மடுவத்தில் இட்ட கையொப்பத்தை ஆபீஸ் கணினி 'செல்லாது' என்று சொல்ல இது ஒன்றே போதும். டாட்நெட் 5 முதல் வடிவத்தைத் தனி ஆர்கியுமெண்டாகச் சொல்லலாம். ஜாவா 9 முதல் பி1363 வடிவம் தனி அல்காரிதப் பெயராகவே ஏட்டில் இருக்கிறது. பார்த்தீர்களா, ஏடு என்று முடிவெடுத்தபின் எல்லாமே பெயராகத்தான் வரும்.

சரி, எதை எடுப்பது? நம் சொந்தக் குறியீட்டுக்குள் கையொப்பமிடு, சரிபார் என்ற இரண்டே மெதட் உள்ள இன்டர்ஃபேஸ் போதும், டாட்நெட் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸின் பாணியில். நமக்கென்று ஒரு புரொவைடர் கிளாஸ் எழுதுவது, வெளியார் கொண்டுவரும் லைப்ரரிகள் நம் அல்காரிதத்தைப் பெயரால் கேட்கும் நிலை வந்தால் மட்டும். சேர்வரில் பவுன்சி காசில் தேவைப்பட்டால் அதன் ஆப்ஜெக்டையே கெட்இன்ஸ்டன்ஸின் இரண்டாம் ஆர்கியுமெண்டாகக் கொடுங்கள். பொதுப்பட்டியலில் பதியாத புரொவைடரையும் ஜாவா இப்படி ஏற்கும், வேறு யாருடைய வரிசையும் குலையாது. கைப்பேசியில் கையொப்பமிடும் வரியில் பெயரே வேண்டாம். ஆபீஸ் கணினியில் ஸ்மார்ட் கார்டுதான் என்று உறுதியானால் சிஎன்ஜிபுரொவைடரை அந்த ஒரு கிளாஸுக்குள் அடைத்துவிட்டு, நிரல் தொடங்கும்போதே ஒருதடவை சாவியைத் திறந்து பாருங்கள். பெயர்ப் பிழை இருந்தால் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு முன்பே தெரிந்துவிடும்.