பிரேத விசாரணை அறிக்கை: பிணவறையிலிருந்து ஒரு மதிப்பீடு

உடலோடு காவலர் கொண்டுவரும் காகிதங்களில் நான் முதலில் படிப்பது பிரேத விசாரணை அறிக்கையைத்தான். அரசு மருத்துவமனையில் உடற்கூறாய்வு செய்பவன் நான். கத்தியை எடுக்குமுன் என்ன தேட வேண்டும் என்று எனக்குச் சொல்ல வேண்டியது அந்தக் காகிதம். ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் தருகிறேன்.

மரண விசாரணைக்கென்று நமக்குத் தனி அதிகாரி கிடையாது. அப்படி மும்பையில் இருந்த கொரோனர் என்ற மரண விசாரணை அதிகாரி பதவியும் 1999-இல் ஒழிந்தது. சந்தேக மரணத்தில் முதல் கேள்வியைக் கேட்பவர் காவல் நிலைய அதிகாரிதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174 ஆக இருந்த பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 194. (நிலையங்களில் இன்னும் ‘174 கேஸ்’தான், அது அவ்வளவு சீக்கிரம் போகாது.) அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இருவரையாவது வைத்துக்கொண்டு உடலைப் பார்க்க வேண்டும், காயம், எலும்பு முறிவு, கன்றிய இடம் எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்கிறது சட்டம். அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மாவட்ட நடுவருக்கோ கோட்டாட்சியருக்கோ போய்ச் சேர வேண்டும். இரண்டரை மதிப்பெண் இதற்குத்தான்.

மீதி ஏன் போயிற்று? ஓர் அறிக்கையில் இப்படி இருந்தது: ‘மோட்டார் கொட்டகை அருகே மயங்கிக் கிடந்தார். நெஞ்சுவலியால் இறந்ததாகத் தெரிகிறது. வெளிக்காயம் ஏதும் இல்லை.’ வலது ஆள்காட்டி விரலின் உட்புறத்தில் கடுகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு தடம். விளிம்பு தடித்து, நடுவே குழிந்து, வெளிறிப் போயிருந்தது. மின்சாரம் பாய்ந்த இடம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததா? தரை ஈரமா? காலில் செருப்பு இருந்ததா? எழுதியவர் சொல்லவில்லை, படிவமும் கேட்கவில்லை. இழப்பீடு கேட்டு அலையப்போகும் குடும்பத்துக்கு இவைதான் ஆதாரம்.

‘விஷம் அருந்தி’ என்று எழுதும்போதும் இதே கதை. பாட்டில் மேல் ஒட்டிய பெயரைப் பார்த்து எழுதியிருந்தால், தடய அறிவியல் ஆய்வகத்துக்கு எதைத் தேடுவது என்று தெரிந்திருக்கும். கணினி வந்தபின் இன்னொரு தொல்லை: பழைய அறிக்கையைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். பெண்ணின் உடலோடு வந்த தாளில் ‘மேற்படி நபரின் மனைவி’ வாக்குமூலம் தந்ததாகப் படித்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் 2000-இல் ஏற்படுத்திய தேசிய மரண விசாரணைத் தகவல் அமைப்பில் கொரோனர்களின் வழக்குகள் ஒரே இடத்தில் சேர்கின்றன. நியூசிலாந்தின் வழக்குகள் 2007 முதல். காவலரின் விவரிப்பு, உடற்கூறாய்வு, நச்சு ஆய்வு, கொரோனரின் முடிவு எல்லாம் அதில் உண்டு. பண்ணைகளில் ஓட்டும் நான்கு சக்கர பைக் கவிழ்ந்து எத்தனை பேர் இறந்தார்கள் என்று அங்கே எண்ணிச் சொல்ல முடிகிறது. நம் மோட்டார் கொட்டகை மரணங்களை யார் எண்ணுவது? என் விரல் தடத்துக்காரரும் ‘நெஞ்சுவலி’ கணக்கில் போயிருப்பார்.

முன்மாதிரி நம்மிடமும் இருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 1997-இல் மாதிரி உடற்கூறாய்வுப் படிவத்தோடு, பிரேத விசாரணைக்கான கூடுதல் வழிமுறையையும் மாநிலங்களுக்கு அனுப்பியது. அது காவலில் நேரும் மரணங்களுக்கானது. மற்ற மரணங்களுக்கும் அதுபோல ஒன்று வரட்டும் என்கிறேன். ஆனால் வெறும் கட்டங்களாக மட்டும் வேண்டாம். டிக் அடித்துவிட்டுப் போக ஒரு நிமிடம் போதும். பார்த்ததைச் சொந்த வாக்கியத்தில் எழுத அரைப் பக்கமாவது விட வேண்டும்.

அதுவரை, நிலையத்தில் அறிக்கையை எழுதும் ரைட்டர்களிடம் ஒரு விண்ணப்பம்: பஞ்சாயத்தார், அதாவது உடலைப் பார்த்த அந்த அக்கம்பக்கத்துப் பெரியவர்கள், போடும் கையெழுத்துக்குக் கீழே இடம் மிஞ்சுகிறது. கடைசியாக உயிரோடு பார்த்தது யார், எத்தனை மணிக்கு, நீங்கள் வருமுன் உடலை யாராவது நகர்த்தினார்களா என்று அங்கே எழுதித் தாருங்கள். மூன்று மதிப்பெண்ணாக்கிவிடுகிறேன்.