ஸ்லோ குக்கர் வாங்கலாமா? மூணு குளிர்காலம் ஓட்டிப் பாத்துட்டு எழுதறேன்

குளிர்காலத்துல வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழையறப்ப வெளிய நல்லா இருட்டியிருக்கும், கை விரல்லாம் விறைச்சுப் போயிருக்கும், ஸ்வெட்டரக்கூட கழட்டாம அப்படியே அடுப்படில போய் வெங்காயம் உரிக்கணுமேன்னு நெனைக்கறப்ப ஒரு சலிப்பு வரும் பாருங்க, அந்த சலிப்புக்காகத்தான் காலைல எல்லாத்தயும் உள்ள போட்டுட்டுப் போனா சாயங்காலத்துக்குள்ள மெல்லிசான சூட்டுல தானா வேக வச்சிடற இந்த ஸ்லோ குக்கர வாங்கினேன். சமையல் மேல ஆசையெல்லாம் ஒண்ணும் இல்ல. மூணு வருஷம் ஆச்சு, இப்பதான் இதப் பத்தி எழுத எனக்கு ஒரு தகுதி வந்திருக்குன்னு தோணுது, ஏன்னா மொத மாசம் எழுதியிருந்தா திட்டித்தான் எழுதியிருப்பேன்.

கம்பெனி பேரு சொல்லல. சொல்லியும் பிரயோஜனம் இல்ல, சாதா மாடல் எல்லாம் உள்ளுக்குள்ள ஒரே சமாச்சாரம்தான். கனமான பீங்கான் பானை, அத சுத்தி ஒரு ஹீட்டிங் காயில், மேல கண்ணாடி மூடி, லோ ஹை வார்ம்னு மூணு இடத்துல நிக்கற ஒரு திருகு. என்னோடது மூணரை லிட்டர், மூணு பேருக்கு தாராளம், மறுநாள் மதியத்துக்கும் மிஞ்சும். டைமர் இல்ல. டைமர் வச்ச மாடலுக்கு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாமேன்னு இன்னிக்கும் வருத்தம்தான், அத பின்னாடி சொல்றேன்.

இது எங்கேருந்து வந்துச்சுன்னு தேடிப் பாத்தேன், கதை நல்லா இருந்துச்சு. இர்விங் நாக்ஸன்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர், 1936ல பேடண்டுக்கு அப்ளை பண்ணி 1940ல வாங்கியிருக்காரு. அவங்க குடும்பம் லிதுவேனியா பக்கத்துலேருந்து வந்த யூதக் குடும்பம், அந்த ஊர்ல சாப்பாத்துக்கு, அதான் யூதர்கள் அடுப்பு பத்த வைக்காத வாராந்திர ஓய்வு நாளுக்கு, முன்னாடி பீன்ஸும் கறியும் போட்ட பானைய பேக்கரி அடுப்பு அணையற சூட்டுல ராத்திரி முழுக்க வச்சுட்டு வருவாங்களாம், அந்தக் கதைய அம்மா சொல்லக் கேட்டுதான் இவருக்கு ஐடியா வந்துச்சாம். 1970ல ரைவல்னு ஒரு கம்பெனி அவரோட பிசினஸ வாங்கி, 1971ல கிராக்பாட்னு பேர் மாத்தி விட்டதுக்கு அப்புறம்தான் வீட்டுக்கு வீடு போச்சு. அதாவது இந்த மெஷின் ஒண்ணும் புதுசா எதையும் செய்யல, அணைஞ்சுக்கிட்டிருக்கற அடுப்பு செஞ்ச வேலைய பிளக்குல மாட்டி செய்யுது, அவ்ளோதான். இத புரிஞ்சுக்கிட்டா என்ன போடலாம் என்ன போடக்கூடாதுங்கறது பாதி தன்னால தெரிஞ்சிடும். எனக்கு அது புரிய ஒரு குளிர்காலம் ஆச்சு.

மொத வாரம் பண்ண சூப் சுடு தண்ணில காய்கறி மிதந்த மாதிரி இருந்துச்சு. அடுப்புல வைக்கற அதே அளவு தண்ணி ஊத்தினது என் தப்பு. இதுல ஆவி வெளிய போகவே போகாது, மூடில பட்டு திரும்ப உள்ளயே சொட்டும், வெங்காயமும் கேரட்டும் விடற தண்ணி வேற சேந்துக்கும், அதனால ஆறு மணி நேரம் ஓடினாலும் குழம்பு சுண்டாது. இப்பல்லாம் அடுப்பு ரெசிபில சொன்னதுல மூணுல ஒரு பங்கு தண்ணிய குறைச்சுதான் ஊத்தறேன், அப்பவும் தண்ணியா இருந்தா கடைசி அரை மணி நேரம் மூடிய லேசா நகத்தி ஹைல விடறேன், இல்லன்னா வெந்த உருளைக்கிழங்கு நாலு துண்ட கரண்டியாலயே மசிச்சு கலக்கி விட்டா கெட்டியாயிடும்.

ரெண்டாவது பாடம், கறி வேகறதுக்கு முன்னாடி கேரட் வெந்திடும்னு நாம நெனைப்போம், இதுல அப்படியே தலைகீழ். கிழங்கு வகை எல்லாம் இந்த மெல்லிசான சூட்டுல அசையவே அசையாது. பெரிய துண்டா வெட்டி மேல போட்டீங்கன்னா எட்டு மணி நேரம் கழிச்சும் நறுக் நறுக்குன்னு கடிக்கும். சின்னதா வெட்டி பானையோட அடிலயும் ஓரத்துலயும் போடணும், சூடு அங்கேருந்துதானே வருது, கறி அதுக்கு மேல.

சரி, எதுக்கு இது நல்லா இருக்குன்னு வரேன். எலும்போட இருக்கற கறி, தொடை, தோள்பட்டை, கால், அந்த மாதிரி ஜவ்வு ஜாஸ்தியா இருக்கற, அவசரமா சமைச்சா ரப்பர் மாதிரி ஆகற துண்டுங்க இருக்கே, அதுக்கு இத அடிச்சுக்க ஆளே இல்ல. அந்த ஜவ்வுல இருக்கற கொலாஜன் எழுபது எண்பது டிகிரி சூட்டுல மணிக்கணக்கா கிடந்தாதான் ஜெலட்டினா உருகும், அப்பதான் எலும்ப தூக்கினா கறி தானா கழண்டு விழும், சாறு உதட்டுல லேசா ஒட்டும். குளிருக்கு அந்த ஒட்டற சாற ஒரு கிண்ணத்துல வாங்கி கைய சுத்தி பிடிச்சுக்கிட்டு குடிக்கறது இருக்கே, நான் விவரிக்கப் போறதில்ல, குடிச்சவங்களுக்குத் தெரியும். அதே சமயம் கோழி நெஞ்சுக்கறி போட்டீங்கன்னா முடிஞ்சுது, அதுல உருகறதுக்கு ஒண்ணுமே இல்ல, எட்டு மணி நேரத்துல நார் நாரா காஞ்ச பஞ்சு. தொடைக்கறி லோல அஞ்சாறு மணி நேரம், அதுவே ஜாஸ்தி. பிரீசர்லேருந்து எடுத்த கட்டிய அப்படியே போடாதீங்க, முழுசா உருகினதுக்கு அப்புறம்தான், இல்லன்னா ரொம்ப நேரம் அரைகுறை சூட்டுலயே கிடக்கும், கிருமிக்கு அதான் கொண்டாட்டம்.

கறி சாப்பிடாதவங்களுக்கு பார்லி சூப் ஒண்ணு சொல்றேன், எங்க வீட்ல வாரம் ஒரு தரம் கண்டிப்பா ஓடும். அரை கப் பார்லி, ஒரு கைப்பிடி பருப்பு, ரெண்டு கேரட், ஒரு உருளைக்கிழங்கு, செலரி இருந்தா ஒரு தண்டு, இஞ்சி ஒரு துண்டு, பூண்டு நாலு பல், அஞ்சு கப் தண்ணி. வெங்காயத்த மட்டும் தனியா வாணலில எண்ணெய் விட்டு நல்லா செவக்க வதக்கிப் போடுங்க. இத ஸ்கிப் பண்ணலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க, பண்ணலாம், ஆனா ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரிதான் இருக்கும், ஏன்னா அந்த செவந்த வாசனை வர்றதுக்கு 140 டிகிரிக்கு மேல சூடு வேணும், இந்தப் பானை கொதிநிலைய தாண்டவே தாண்டாது. கறிக்கும் இதே கதைதான். அஞ்சு நிமிஷம் வாணலி கழுவ சோம்பேறித்தனப்பட்டா எட்டு மணி நேரம் வேஸ்ட். லோல ஏழு மணி நேரம், எறக்கறப்ப மிளகுத்தூள் தாராளமா, எலுமிச்ச சாறு பிழிஞ்சு விடுங்க. மிளகும் கீரையும் கொத்தமல்லியும் காலைலயே போட்டா சாயங்காலம் வாசனை எங்கயோ போயிருக்கும், பட்டை கிராம்பு மாதிரி முழு மசாலா மட்டும் நேரெதிர், நேரம் ஆக ஆக ஏறிக்கிட்டே போகும், பாதி போட்டா போதும். பால் கிரீம் தயிர் எதுவா இருந்தாலும் கடைசி இருபது நிமிஷத்துலதான், நான் காலைலயே ஊத்தி திரிஞ்சு போனத பாத்து தம்பி பன்னீர் சூப்பான்னு கேட்டான்.

இப்ப ஒரு சீரியஸ் விஷயம், இத படிக்காம ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. ராஜ்மா, அதான் சிவப்பு கிட்னி பீன்ஸ், அத ஊற வச்சு நேரா இதுக்குள்ள போடவே கூடாது. அதுல இயற்கையாவே ஒரு நச்சு இருக்கு, பைட்டோஹீமக்ளூட்டினின்னு பேரு, பச்சையா நாலஞ்சு பீன்ஸ் தின்னாலே மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி பேதின்னு படுத்திடும். 80 டிகிரி வரைக்கும் மட்டும் சூடு பண்ணா அது அழியறதுக்குப் பதிலா இன்னும் வீரியமாகும், லோல ஓடற குக்கர் நிறைய நேரம் அந்த சூட்டுலதான் நிக்கும். குறைஞ்சது அஞ்சு மணி நேரம் ஊற வச்சு, அந்தத் தண்ணிய கொட்டிட்டு, புதுத் தண்ணில அடுப்புல 30 நிமிஷம் தளதளன்னு கொதிக்க வச்சுட்டு அப்புறம் பானைல போடுங்க. டின்ல வர்றது ஏற்கனவே வெந்தது, அதுக்கு இந்த கவலை இல்ல. குக்கரோட வந்த ரெசிபி புக்ல இதப் பத்தி ஒரு வரி கூட இல்லங்கறதுதான் எனக்கு செம கோவம், நாப்பது ரெசிபி போட எடம் இருந்துச்சு, இதுக்கு இல்லயா. அப்புறம் தக்காளி, எந்த பீன்ஸா இருந்தாலும் வெந்தத கையால நசுக்கிப் பாத்துட்டு அப்புறம் தக்காளி சேருங்க, புளிப்பு மொதல்லயே சேந்துட்டா பீன்ஸ் பிடிவாதமா கல்லாவே கிடக்கும்.

லோ, ஹை ரெண்டும் வேற வேற சூடுன்னு ரொம்ப நாள் நெனைச்சுக்கிட்டிருந்தேன். இந்த மாதிரி திருகு மாடல் நிறையல ரெண்டும் கடைசில கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்குத்தான் போய் நிக்குமாம், போய்ச் சேர எடுக்கற நேரம்தான் வித்தியாசம், ஹைல மூணு நாலு மணி நேரம், லோல ஏழு எட்டு. அதனால லோல இருந்தா எத்தன நேரம் ஆனாலும் ஒண்ணும் ஆகாதுன்னு விட்டுட்டுப் போகாதீங்க, ஒரு நாள் நான் வர்றதுக்கு பன்னெண்டு மணி நேரம் ஆச்சு, காய்கறி எல்லாம் குழந்தைக்கு ஊட்டற பதத்துக்கு வந்திருந்துச்சு. இதுக்குத்தான் டைமர் மாடல்னு சொன்னேன், நேரம் முடிஞ்சதும் தானா வார்முக்கு மாறிடும். வெளிய நீளமா போறவங்க அதத்தான் வாங்கணும், என்ன மாதிரி கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

மூடிய திறக்கற வியாதி ஒண்ணு எல்லா வீட்லயும் ஒருத்தருக்கு இருக்கும். எங்க வீட்ல தம்பி. வாசனை வருதுன்னு அந்தப் பக்கம் போறப்பல்லாம் தூக்கிப் பாப்பான், ஒவ்வொரு தரம் தூக்கறப்பவும் உள்ள இருந்த சூடு போயி திரும்ப ஏற இருவது முப்பது நிமிஷம் ஆகும், குளிரான கிச்சன்ல கேக்கவே வேணாம். நாலு தரம் திறந்தான்னா சாப்பாடு பத்து மணிக்குத்தான். இதுக்காகவே மூடி மேல டேப் ஒட்டினேன், டேப் ஆவில கழண்டு சூப்புல விழாம இருந்தா சரி.

ஓட்ஸ் கஞ்சி பத்தியும் சொல்லிடறேன். ராத்திரி படுக்கப் போறப்ப போட்டா காலைல சுடச்சுட கஞ்சின்னு எல்லாரும் சொல்வாங்க, நேரா பானைல போட்டா ஓரமெல்லாம் பிடிச்சு காலைல கஞ்சிய விட பானைய ஊற வைக்கற வேலைதான் பெருசா இருக்கும். அதுக்கு ஒரு வழி இருக்கு, சூடு தாங்கற ஒரு கிண்ணத்துல ஒரு கப் ஸ்டீல் கட் ஓட்ஸும் (நொய் மாதிரி துண்டு துண்டா வெட்டினது) நாலு கப் தண்ணியும் விட்டு, அந்தக் கிண்ணத்த பானைக்குள்ள வச்சு, சுத்தி பாதி உயரத்துக்கு தண்ணி ஊத்தி லோல விடுங்க. அவல் மாதிரி தட்டையா இருக்கற ஓட்ஸ் வேணாம், கோந்தாயிடும். இதுல ஒரே பிரச்சன, ராத்திரி மூணு மணிக்கு வாசனை தூக்கத்த கலைச்சு பசிக்க ஆரம்பிச்சிடும்.

கரண்ட் செலவு பயந்த அளவுக்கு இல்ல. என்னோடதுல 210 வாட்னு போட்டிருக்கு, எட்டு மணி நேரம் முழுசா இழுத்தாலும் 1.68 யூனிட்தான். ஆனா நாம இல்லாதப்ப கரண்ட் போய் வந்துச்சுன்னு தெரிஞ்சா, எவ்ளோ நேரம் போச்சுன்னு தெரியலன்னா, மேல பாக்க நல்லா வெந்த மாதிரி இருந்தாலும் கொட்டிடுங்க, மனசு வலிக்கும், பரவால்ல. மிச்சத்த பானையோட பிரிட்ஜ்ல வைக்கறதும் வேணாம், அந்த தடிமனான பீங்கான் சூட்ட விடவே விடாது, சின்ன சின்ன டப்பால மாத்தி ரெண்டு மணி நேரத்துக்குள்ள உள்ள வச்சிடணும், மறுநாள் சூடு பண்றது அடுப்புலதான்.

பானைய கழுவறது ஈஸி, ஆனா ஆறின அப்புறம் கழுவுங்க. போன குளிர்காலத்துல அவசரத்துல சூடா இருந்த பானைல குழாய்த் தண்ணிய பிடிச்சேன், டிக்னு ஒரு சத்தம், அடிலேருந்து விளிம்பு வரைக்கும் முடி மாதிரி ஒரு விரிசல். பானை மட்டும் தனியா கிடைக்குமான்னு கம்பெனிக்கு மூணு மெயில் போட்டேன், ரெண்டுக்கு பதிலே இல்ல, மூணாவதுக்கு உங்க மாடல் இப்ப வர்றதில்லன்னு வந்துச்சு. காயிலும் திருகும் நல்லாத்தான் இருக்கு, பானைக்காக மொத்தத்தயும் தூக்கிப் போடணுமாம். அஞ்சு ஸ்டார்ல ரெண்ட அங்கயே புடுங்கிட்டேன். பழைய சாமான் விக்கற ஒருத்தர்கிட்ட அதே அளவு பானை மூடியோட கிடைச்சுது, கலர்தான் பொருந்தல, வெளி டப்பா சிவப்பு, உள்ள பானை பாசிப்பச்சை, அதுலதான் இந்த குளிர்காலம் ஓடிக்கிட்டிருக்கு. நீங்க வாங்கறதுக்கு முன்னாடி பானை தனியா விப்பாங்களான்னு கடைல கேட்டுட்டு வாங்குங்க.