பெரிய வீடா, நடை தூரத்தில் எல்லாமுமா?

புறநகரில் குடும்பத்தோடு குடியேற வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வீடுகளுக்கு நடுவில்தான் வந்து நிற்பார்கள். ஒன்றில் நான்கு படுக்கையறை, சுற்றிலும் தோட்டம், இரண்டு கார் நிறுத்த இடம் இருக்கும். ஆனால் பால் வாங்கக்கூட வண்டியை எடுக்க வேண்டும். மற்றதில் மூன்றே அறை, கையகலத் தோட்டம். பள்ளி, ரயில் நிலையம், பூங்கா, கடை எல்லாம் நடந்தே போகலாம். விலை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போதுதான் வீட்டில் வாக்குவாதம் ஆரம்பிக்கும்.

நான்கு சுவருக்குள் மட்டும் பார்த்தால் பெரிய வீடுதான் ஜெயிக்கும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அறை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் இடம். இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் வாசலைத் தாண்டியதும் கணக்கு மாறுகிறது. வேலைக்குப் போக ஒரு வீட்டிலிருந்து 45 நிமிடம், மற்றதிலிருந்து 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். போக வர 50 நிமிட வித்தியாசம். ஆண்டுக்கு 220 வேலை நாள் என்றால் 183 மணி நேரத்துக்கு மேல். ஏழரை நாளை, ராத்திரி பகல் பாராமல், ஸ்டியரிங்குக்குப் பின்னாலேயே கழிப்பதற்குச் சமம். கூடுதலாகக் கிடைத்த அந்த நான்காவது அறையில் உட்கார நேரம் எங்கே?

நடை தூரம் என்று விளம்பரத்தில் இருந்தால் அப்படியே நம்பிவிடக் கூடாது. பெரியவர்கள் சாதாரணமாக மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பார்கள். 400 மீட்டருக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். கிளாரன்ஸ் பெரி என்ற அமெரிக்கத் திட்டமிடுநர் 1929-இல் முன்வைத்த குடியிருப்பு மாதிரியும் கிட்டத்தட்ட இதே அளவுதான்: நடுவில் தொடக்கப் பள்ளி, அதைச் சுற்றிக் கால் மைலுக்குள் வீடுகள், பெரிய சாலைகள் எல்லாம் ஓரத்தில். ஆனால் முட்டுச்சந்துகளாகப் போட்ட மனைப்பிரிவில், பின்பக்க வேலிக்கு அந்தப் பக்கமே பள்ளி மைதானம் தெரிந்தாலும் வாசலுக்குப் போக ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். வரைபடத்தில் கோடு போட்டு அளக்காமல், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒருதடவை நடந்து பாருங்கள். நடைபாதை பாதியில் நின்றுபோகிறதா, அகலமான சாலையைக் கடக்க சிக்னல் உண்டா என்பது அப்போதுதான் தெரியும்.

பிள்ளைகளின் வயதையும் பார்க்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்குத் தோட்டமே உலகம். பெரிய வீடு போதும். பத்து, பன்னிரண்டு வயதில் அதே பிள்ளைக்கு நூலகமும் மைதானமும் நண்பன் வீடும் வேண்டும். பக்கத்தில் இருந்தால் தானே போய் வரும். தூரத்தில் இருந்தால் அப்பாவோ அம்மாவோ சம்பளமில்லாத டிரைவர். கார் ஓட்டுவதை விட்டுவிட்ட தாத்தா பாட்டி கூட இருந்தால் அவர்களுக்கும் ஆள் வேண்டும்.

சரி, சின்ன வீட்டில் குறையே இல்லையா? இருக்கிறது: சத்தம். சாலைப் போக்குவரத்து இரைச்சல் சராசரியாக 53 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018-இல் பரிந்துரைத்தது. ஓயாமல் வண்டி ஓடும் சாலையிலிருந்து தூரம் இரட்டிப்பானால் சுமார் 3 டெசிபல்தான் குறையும். நடுவில் ஒரு வரிசைக் கட்டிடம் நின்றால் இன்னும் நன்றாகவே அடங்கும். அதனால் பள்ளிக்கும் நிலையத்துக்கும் பக்கம், ஆனால் ஒரு தெரு உள்ளே தள்ளி என்பதுதான் தேட வேண்டிய இடம். பள்ளி விடும் நேரத்தில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை போய் நின்று பார்த்துவிடுங்கள்.

இருவரும் வீட்டிலிருந்தே வேலை, பிள்ளைகள் இன்னும் கைக்குழந்தைகள் என்றால் பெரிய வீட்டையே எடுக்கலாம். மற்றவர்களுக்கு என் ஓட்டு சின்ன வீட்டுக்குத்தான். இடமிருந்தால் பின்னால் ஓர் அறை கட்டிக்கொள்ளலாம். ரயில் நிலையத்தை நம் செலவில் கட்ட முடியாது. படுக்கையறை ஜன்னல் தண்டவாளத்தைப் பார்த்து இருந்தால் மட்டும் அந்த ஓட்டு வாபஸ்.