அடி வேகாத கீஷ்: ஆறு வருடக் கணக்கு

போன செவ்வாய்க்கிழமை ஓவனைப் பார்க்க வந்தவர் அடித்தகட்டைக் கழற்றி, மின்சார மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கீழ் எலிமென்ட் போய் ரொம்ப நாள் ஆகியிருக்கும் மதாம்" என்றார், அதாவது அடிப்பக்கம் சூடு தரும் கம்பி. எனக்கு முதலில் வந்தது கோபம். கீஷ் என்பது மாவு அடியில் முட்டை, க்ரீம் கலவையை ஊற்றி ஓவனில் வேகவைக்கும் பிரெஞ்சுப் பதார்த்தம். ஒன்றரை வருடமாக நான் செய்த கீஷ் ஒவ்வொன்றும் மேலே பொன்னிறம், கீழே சொதசொத. அதற்காக மாவைக் குறை சொன்னேன், வெண்ணெயை மாற்றினேன், பீங்கான் தட்டைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். போன வருடம் வேறொருவர் வந்து, மேல்பக்கம் சிவக்கிறது, சூடு ஏறுகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, வந்து போன கூலியையும் வாங்கிக்கொண்டு போனார். அவர் கீழே ஒருமுறை மீட்டரை வைத்திருந்தால் எனக்கு முப்பது நாற்பது கீஷ் மிஞ்சியிருக்கும்.

அதே வாரத்தில் லியோனில் இருக்கும் தோழி கேட்டாள்: "அக்கா, கீஷ் தட்டு தள்ளுபடியில் வந்திருக்கிறது. பீங்கான் வாங்கவா, தகரம் வாங்கவா? மாவைக் கையால் பிசைய வேண்டுமா, கடையில் சுருட்டி விற்கும் மாவுச் சுருள் போதுமா?" போனில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது பிரான்சில், நான்சியில். லொரேன் பகுதி, கீஷுக்குச் சொந்த ஊர். கீஷ் என்ற பெயரே கேக்கைக் குறிக்கும் ஜெர்மன் 'கூகென்' என்ற சொல்லோடு உறவுள்ளது என்பார்கள். ஜெர்மனியும் இங்கிருந்து அப்படியொன்றும் தூரம் இல்லை. இங்கே வந்த முதல் வருடம் மாடி வீட்டில் இருந்த பாட்டியம்மாதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் வோஜ் மலைப்பக்கம். முட்டை, க்ரீம், புகையூட்டிய பன்றித்துண்டுகள், இவ்வளவுதான் லொரேன் கீஷ் என்பது அவருடைய கட்சி. க்ரூயேர் சீஸ் சேர்த்தால் அது வோஜ் கீஷ், வெங்காயம் சேர்த்தால் அல்சாஸ் கீஷ், பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு எதையும் போட்டுக்கொள் என்பார். ஆதியில் இதற்கு ரொட்டி மாவுதான் அடியாக இருந்தது, வெண்ணெய் மாவு பிறகு வந்தது என்றும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதியோர் இல்லத்துக்குப் போகும்போது தன் வெள்ளைப் பீங்கான் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது அந்தத் தட்டுதான்.

மாதத்துக்கு இரண்டு தடவையாவது செய்வேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் முட்டை கிடையாது, ஆகவே ஞாயிறு, இல்லையென்றால் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத புதன். 28 செ.மீ. தட்டுக்கு 4 முட்டை, 25 செ.லி. (250 மி.லி.) க்ரீம், 20 செ.லி. (200 மி.லி.) பால், ஒரு சிட்டிகை ஜாதிக்காய், 180 டிகிரி. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்குப் பேச வேண்டியது அடியைப் பற்றி.

அடி ஏன் வேகாமல் போகிறது என்று யோசித்தால் விஷயம் எளிது. முட்டையும் பாலும் சேர்ந்த கலவை 80 டிகிரியை ஒட்டி உறைந்துவிடும். மாவு சிவந்து மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் அதற்கு 100 டிகிரியைத் தாண்டி நன்றாக ஏற வேண்டும். ஆனால் அதன் தலையில் ஒரு குளம் உட்கார்ந்திருக்கிறது. ஈரம் இருக்கும்வரை மேலிருந்து வரும் சூடு எதுவும் மாவைச் சிவக்கவைக்காது. மாவுக்குச் சூடு கிடைக்க ஒரே வழி கீழே இருந்து. அந்தக் கீழ் எலிமென்ட்தான் எனக்குச் செத்துக் கிடந்திருக்கிறது. பின்சுவரில் காற்றாடியைச் சுற்றியிருக்கும் எலிமென்ட் வேலை செய்ததால் கேக் வெந்தது, பிஸ்கட் வெந்தது, சந்தேகமே வரவில்லை. கீஷ் மட்டும்தான் ஒன்றரை வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது, நான்தான் கேட்கவில்லை.

அந்த ஒன்றரை வருடத்தில் நான் பிடித்துத் தொங்கிய வழிகள் வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலாவது, மாவை வெறுமனே வேகவைப்பது. தட்டில் மாவை விரித்து, முள்கரண்டியால் குத்தி, மேலே பேக்கிங் தாள் போட்டு, அதில் கொண்டைக்கடலையைக் கொட்டி 190 டிகிரியில் 15 நிமிடம், பிறகு தாளையும் கடலையையும் எடுத்துவிட்டு வெள்ளைக்கருவை மெலிதாகப் பூசி இன்னும் 5 நிமிடம். வெள்ளைக்கரு வெந்து ஒரு படலமாகி ஈரத்தைத் தடுக்கிறது. இந்த வேலைக்கென்று ஒரு கிலோ கொண்டைக்கடலை டப்பாவில் தனியாக வைத்திருக்கிறேன், ஆறு வருடமாக அதே கடலை, காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. அதை இனிமேல் சுண்டல் செய்ய முடியாது, ஊறவும் ஊறாது. மூடியைத் திறந்தால் வறுத்த கடலை வாசனை வருகிறது, எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

இரண்டாவது, ரவை. காய்கறி போடும் நாட்களில் வெந்த அடியின் மேல் ஒரு மேசைக்கரண்டி ரவையைத் தூவிவிட்டால் கசியும் நீரை அது குடித்துவிடுகிறது. இது நம் வீட்டு யோசனை என்று நினைத்துப் பாட்டியம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். இங்கேயும் காலங்காலமாக அதையேதான் செய்கிறார்களாம். தக்காளி கீஷுக்கு ரவையோடு திஜோன் கடுகுச் சாந்தும் ஒரு பூச்சு பூசுவேன்.

மாவு விஷயத்துக்கு வருகிறேன். பாத் பிரிசே என்கிற சாதாரண வெண்ணெய் மாவு, 200 கிராம் மைதாவுக்கு 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், உப்பு, இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர். இதைக் கையால் செய்வதில் எனக்கு வந்த சிக்கல் பழக்கத்தால் வந்தது. பரோட்டாவுக்கும் சப்பாத்திக்கும் பிசைந்த கை, மாவைக் கண்டதும் அழுத்திப் பிசையத் தொடங்கிவிடுகிறது. இந்த மாவைப் பிசையவே கூடாது. விரல் நுனியால் வெண்ணெயை மாவில் உதிர்த்து, புட்டு மாவு போல வந்ததும் தண்ணீர் தெளித்துச் சேர்த்துப் பிடித்து, நிறுத்திவிட வேண்டும். பிசைந்தால் இழுவை வந்து ஓவனில் சுருங்கும், ஓரம் சரிந்து கலவை வழிந்துவிடும். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால்தான் தேய்க்கவும் வரும், சுருங்காமலும் இருக்கும். பழகிய பிறகு அந்த உதிரியான, வெண்ணெய் மணக்கும் விளிம்பு ஒன்று கிடைக்கிறதே, அதற்காகவே பிள்ளைகள் நடுப்பகுதியைத் தின்றுவிட்டு விளிம்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

பாதி மைதா, பாதி சப்பாத்தி மாவு போட்டும் செய்வேன். தண்ணீர் கொஞ்சம் அதிகம் கேட்கும், தேய்க்கும்போது ஓரத்தில் விரியும், ஆனால் கோதுமையின் வறுத்த ருசி காளானுக்கு அருமையாகச் சேர்கிறது. ஆலிவ் எண்ணெய் மாவு அவசரத்துக்கு நல்லது, குளிர்பெட்டி வேண்டாம், மெல்லியதாகத் தேய்க்கலாம். ஆறினால் பிஸ்கட் போலக் கெட்டியாகிவிடுகிறது, அதனால் சுடச்சுடச் சாப்பிடும் நாளில் மட்டும். பஃப் மாவைக் கீஷுக்குப் போடுவதை நான் விட்டுவிட்டேன். ஓரம் உப்பி அழகாக நிற்கும், அடி ஒட்டிக்கொண்டு பச்சையாகக் கிடக்கும், எத்தனை தடவைதான் ஏமாறுவது. உருளைக்கிழங்கை மெல்லிய வட்டங்களாகச் சீவி, வெண்ணெய் தடவி, ஓடு வேய்ந்தாற்போல அடுக்கி 200 டிகிரியில் 20 நிமிடம் வேகவைத்து, அதையே அடியாக வைத்துச் செய்தது நன்றாக வந்தது. கோதுமை ஆகாத உறவினர் ஒருவர் வந்தபோது செய்தேன், இப்போது அவர் வராத நாளிலும் கேட்கிறார்கள்.

கடைச் சுருள்? 230 கிராம், தாளோடு சுருட்டி வருவது. பொட்டலத்தில் முழுக்க வெண்ணெய் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கினால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மெல்லியதாக, சீராக இருப்பதால் உண்மையில் என் கை மாவைவிட அது அடியில் நன்றாகவே வெந்திருக்கிறது. எண்ணெய் போட்ட மலிவுச் சுருளில் வாசனையே கிடையாது, அதை வாங்காதே.

உள்ளே வைப்பதில் என் மனம் நின்றுவிட்டது லீக்ஸில், வெங்காய இனத்தைச் சேர்ந்த நீளத் தண்டு. மூன்று தண்டு, வெள்ளையும் இளம்பச்சையும். நீளவாக்கில் கீறி இதழ் இதழாகக் கழுவ வேண்டும், மண் உள்ளேதான் இருக்கும். மெல்லியதாக நறுக்கி வெண்ணெயில், சின்னத் தீயில், 25 நிமிடம். நிறம் மாறக் கூடாது, உருக மட்டும் வேண்டும். வெங்காயம் மாதிரி சட்டென்று வதக்கி இறக்கிவிட்டால் நார் நாராகப் பல்லில் மாட்டும். பொறுமையாக உருகவிட்டால் அது ஒரு இனிப்பு, க்ரீமோடு கலந்து எது லீக்ஸ் எது முட்டை என்று பிரிக்க முடியாதபடி ஆகிவிடும். அதில் ஒரு பிடி கோந்தே சீஸ், நுணுக்கிய மிளகு. ஒரு நல்ல மழைநாள் மதியத்துக்கு இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் பன்றி சாப்பிடுவதில்லை, வான்கோழித் துண்டுகளைப் போட்டுப் பார்த்தேன். கொழுப்பு இல்லாததால் காய்ந்த ரப்பர் போலாகிறது. பாட்டியம்மாவின் லொரேன் கீஷை என்னால் சரியாகச் செய்ய முடியாமல் போனதற்கு இதுதான் காரணம், அதில் எனக்கு வருத்தமும் உண்டு. கீரை, காளான், சீமைச்சுரை (ஜுக்கினி) இந்த மூன்றிலும் தண்ணீரை முதலில் வெளியே எடுத்தாக வேண்டும். கீரையை வதக்கித் துணியில் போட்டுப் பிழிய வேண்டும், காளானை வாணலி உலரும்வரை வதக்க வேண்டும், சீமைச்சுரையை உப்பில் அரை மணி நேரம் வைத்துப் பிழிய வேண்டும். பிழியாமல் போட்டால் எந்தத் தட்டும் எந்த ஓவனும் காப்பாற்றாது.

கடைசியாக ஒன்று, நடுப்பகுதி இன்னும் தளதளவென்று ஆடும்போதே வெளியே எடுத்துவிடு. மிச்சம் வெளியிலேயே உறையும். அசையாமல் கெட்டியாகும்வரை விட்டால் முட்டை திரிந்து தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரும் அடிக்குத்தான் போய்ச் சேரும்.

தட்டு. ஓவன் சரியான பிறகு ஐந்தே நாளில் இரண்டு கீஷ் செய்து பார்த்தேன், ஒரே மாவு, ஒரே லீக்ஸ். அடி கழன்று வரும் கறுப்புத் தகரத்தட்டில் 35 நிமிடத்தில் அடி பிஸ்கட் நிறம். பாட்டியம்மாவின் பீங்கானில் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடித்தது, ஆனால் வெந்தது. கத்தியை விட்டுத் தூக்கினேன், துண்டு வளையாமல் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் அந்தத் தட்டின் மேல் பழி போட்டிருக்கிறேன். பீங்கான் மேசையில் வைத்து அரை மணி நேரம் ஆனாலும் சூடு தாங்குகிறது, கத்திக் கீறல் விழுவதில்லை, ஊறவைத்தால் ஒட்டியது எல்லாம் வந்துவிடுகிறது. தகரத்தட்டோ, பூச்சு இரண்டு வருடத்தில் உரிந்து ஓரம் துருப்பிடிக்கிறது, விளிம்பு விரலைக் கீறுகிறது, மாவில் சின்ன விரிசல் இருந்தால் கழலும் அடி வழியாக வெண்ணெய் சொட்டி ஓவன் முழுக்கப் புகை. கீழே ஓவன் தட்டம் ஒன்றை வைக்காமல் நான் அதை உள்ளே வைப்பதே இல்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு உனக்கு என் பதில், தகரம் வாங்கு. பீங்கானைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேராகச் சூடான தட்டத்தின் மேல் வைத்தால் விரிசல் விடும், சூடான தட்டத்தின் மேல் வைப்பதுதான் அடி வேக நல்ல வழி, அந்த வழி தகரத்துக்குத்தான் திறந்திருக்கிறது. புதன்கிழமை மதியம் பிள்ளைகள் பசியோடு நிற்கும்போது பத்து நிமிடம் அதிகம் காத்திருக்க உனக்கும் முடியாது. மாவுக்குக் கடைச் சுருள் போதும் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன், இருந்தாலும் கையால் செய். நான் பீங்கானில்தான் செய்யப் போகிறேன், வருகிற ஞாயிறும் அதில்தான், லீக்ஸ் வாங்கி வைத்தாயிற்று.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய். ஓவனைக் கீழ்ச்சூடு மட்டும் என்ற குறிக்குத் திருப்பி, நன்றாகச் சூடேறவிட்டு, ஒரு துண்டு ரொட்டியைத் தட்டத்தில் போட்டு அடித்தட்டில் பதினைந்து நிமிடம் வை. எடுத்துக் கவிழ்த்துப் பார். அடி வெள்ளையாகவே இருந்தால் தட்டு வாங்கும் காசைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மீட்டர் கொண்டுவரும் ஆளாகப் பார்த்துக் கூப்பிடு.