பன்னிரண்டு வினா ராவன் டெஸ்ட்: பெரியவர்களுக்கு நார்ம் போடும்போது கவனிக்க வேண்டியவை

ராவன் அட்வான்ஸ்டு மேட்ரிசஸ் என்பது படக் கட்டத்தில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லும் நுண்ணறிவுத் தேர்வு. அதன் இரண்டாம் தொகுதியில் 36 வினாக்கள், நேரம் 40 நிமிடம். முழுநாள் மதிப்பீட்டில் இதற்கே முக்கால் மணி நேரம் போய்விடுகிறது என்பதால்தான் குறுவடிவத்தைத் தேடுகிறோம். 1994-ல் ஆய்வாளர்கள் ஆர்தரும் டேயும் 36 வினாக்களை வரிசைப்படி மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மூன்றிலும் மொத்த மதிப்பெண்ணோடு அதிகம் ஒத்துப்போன ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 12 ஆக்கினார்கள். 1998-ல் பார்ஸும் ஸ்டோக்ஸும் வேறு 12 வினாக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டுக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்று, வினாக்கள் வேறு. ஒன்றின் நார்ம் அட்டவணையை (ஒருவரின் மதிப்பெண்ணை மற்றவர்களோடு ஒப்பிட உதவும் அட்டவணை) மற்றொன்றுக்கு வைத்துப் பார்த்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. இரண்டும் கல்லூரி மாணவர்களிடம் எடுத்தவை என்பதால், 55 வயதுக்காரரை அவற்றோடு ஒப்பிடுவதும் நியாயமில்லை.

வசதி என்று பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. மொழி தேவையில்லை, சோர்வு குறைவு, திருத்துவது ஒரு நிமிட வேலை. இழப்பது துல்லியத்தை. முழுத் தேர்வின் நம்பகத்தன்மை (மதிப்பெண் எவ்வளவு நிலையானது என்பது; 1 என்றால் பிழையே இல்லை) 0.85 என்று வைத்துக்கொண்டு, நீளத்தை மூன்றில் ஒரு பங்காக்கி, நீளம் மாறினால் நம்பகத்தன்மை எப்படி மாறும் என்று சொல்லும் ஸ்பியர்மன்-பிரவுன் சூத்திரத்தில் போட்டால் 0.65 வருகிறது. சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 15 உள்ள ஐக்யூ அளவுகோலில் அளவீட்டுப் பிழை 5.8-லிருந்து 8.8-க்கு ஏறுகிறது. உண்மையான மதிப்பெண் இருக்கக்கூடிய 95 சதவீத எல்லை முன்பு கூட்டியோ குறைத்தோ 11 புள்ளி, இப்போது 17. நல்ல வினாக்களாகப் பொறுக்கியிருந்தால் இழப்பு சற்றுக் குறையும், ஆனால் மறைந்துவிடாது. குழு ஆய்வுக்கு இது போதும். தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்க இதை மட்டும் நம்பக் கூடாது.

பலர் சறுக்கும் இடம் தரவு சேகரிப்பு. ஏற்கெனவே 36 வினா எழுதியவர்களின் தாளிலிருந்து அந்த 12-ஐ மட்டும் எண்ணி நார்ம் போட்டுவிடுகிறார்கள். ராவன் தேர்வு எழுதுபவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போகும்: எளிய வினாவில் பிடிபட்ட விதி அடுத்த கடினமான வினாவுக்குக் கைகொடுக்கும். இடையில் இருந்த 24 படிகளை எடுத்துவிட்டால் அதே வினா கடினமாகிவிடும். போதாக்குறைக்கு, முழுத் தாளுக்குள்ளேயே இருக்கும் 12-ஐ முழு மதிப்பெண்ணோடு ஒப்பிடும்போது பிழையும் பொதுவாகிவிடுவதால் ஒட்டுறவு (இரண்டு மதிப்பெண்களும் சேர்ந்து நகரும் அளவு) ஊதிக்காட்டும். குறுவடிவத்தைத் தனியாகவே கொடுக்க வேண்டும். முதல் தொகுதியிலிருந்து இரண்டு பயிற்சி வினாக்களை விளக்கிவிட்டு, ஒரே நேர வரம்பை எல்லோருக்கும் வைத்து எழுதவிட வேண்டும். கடைசி மூன்று வினாக்கள் வெறுமையாக இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தவறான பதிலையும் நேரம் போதாமல் விட்டதையும் ஒன்றாகக் கலந்தால் வயதானவர்களின் நார்ம் கீழே இழுபடும். வாசிப்புக் கண்ணாடி கொண்டுவந்தாரா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

மாதிரியில் வயதோடு படிப்பையும் மக்கள்தொகை விகிதத்துக்குப் பொருத்த வேண்டும். வயதுக் குழுவுக்கு 100 பேர் என்றால் தாராளம் போலத் தோன்றும். ஆனால் 5-ஆம் சதமானம் (நூறில் ஐந்து பேர் மட்டும் அதற்குக் கீழே இருக்கும் இடம்) என்று நாம் அச்சிடுவது உண்மையில் 1-லிருந்து 9 வரை எங்கும் இருக்கலாம். பின்தங்கியவர்களைக் கண்டறியத்தான் இந்த அட்டவணை என்றால் இது சின்ன விஷயமல்ல. அதனால் வயதைப் பத்துப் பத்தாக வெட்டாமல், சராசரியும் விலக்கமும் வயதோடு எப்படி நகர்கின்றன என்பதை எல்லோரின் தரவையும் சேர்த்து மாதிரியமைக்கும் தொடர் நார்ம் முறையே மேல். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் சிநார்ம், கேம்லஸ் என்ற இலவசத் தொகுப்புகள் இருக்கின்றன. 39 முடிந்து 40 பிறந்த அன்றே சதமானம் எகிறுகிற கூத்தும் இதில் இல்லை.

சதமானம் கணக்கிடும் முறையையும் எழுதிவையுங்கள். 100 பேரில் 34 பேர் 7-க்குக் கீழ், 18 பேர் சரியாக 7 என்று வைத்துக்கொள்வோம். 7 எடுத்தவரின் சதமானம் என்ன? சமமாக எடுத்தவர்களில் பாதியைச் சேர்த்தால் 43, முழுதும் சேர்த்தால் 52. 12 வினாத் தேர்வில் இந்த இடைவெளி எல்லா வரியிலும் வரும். பாதி சேர்க்கும் முறையே நடுநிலையானது. சராசரி 7, விலக்கம் 2.5 என்றால் ஒரு வினாவுக்கு 6 ஐக்யூ புள்ளி. பன்னிரண்டும் சரி என்றாலும் 130-க்கு மேல் பிரித்துப் பார்க்க வழியில்லை. கீழ்ப்பக்கம் எட்டு விடைகளில் ஒன்றை ஊகித்தாலே சராசரியாக 1.5 கிடைக்கும். ஆகவே 0, 1, 2 மூன்றையும் ஒரே வரியில் போடுவது நேர்மை.

அட்டவணைக்கு வயதாகும் என்பதையும் மறக்கக் கூடாது. நெதர்லாந்து ராணுவத் தேர்வுக்கு வந்த இளைஞர்கள் ராவனிலிருந்து எடுத்த 40 வினாக்களில் 1952-க்கும் 1982-க்கும் இடையே சுமார் 20 ஐக்யூ புள்ளி உயர்ந்ததை ஆய்வாளர் ஃபிளின் 1987-ல் காட்டினார். அட்டவணையின் தலைப்பிலேயே எந்த 12 வினாக்கள், எத்தனை நிமிடம், தாளிலா திரையிலா, எந்த ஆண்டுத் தரவு என்ற நான்கையும் அச்சிடுங்கள். ஒவ்வொரு மூல மதிப்பெண்ணுக்கும் (சரியான விடைகளின் எண்ணிக்கை) பக்கத்தில் 95 சதவீத எல்லைக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.