யூஎஃப்சி ஃபைட் பாஸ்: பழைய சண்டைகளுக்காகவே சந்தா கட்டலாம்

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைப் போட்டிதான் யூஎஃப்சி, அதை இணையத்தில் சந்தா கட்டிப் பார்க்கும் சேவை ஃபைட் பாஸ். புதுச் சண்டைகளுக்காக வாங்குகிறவர்கள் வாங்கட்டும், எனக்கு இதில் பொக்கிஷம் பழைய பதிவுகள்தான். முதல் வேலையாக, 1993 நவம்பர் 12 அன்று டென்வரில் நடந்த யூஎஃப்சி 1-ஐப் போட்டுப் பாருங்கள். எடைப் பிரிவு கிடையாது, மதிப்பெண் கிடையாது, கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது, ஒரே இரவில் மூன்று பேரை ஜெயித்தால் 50,000 டாலர். முதல் சண்டையில் சுமோ வீரர் டெய்லா டூலி கீழே விழ, ஜெரார்ட் கோர்டோ முகத்தில் விட்ட உதையில் பல்லே தெறிக்கிறது, அரை நிமிடம்கூட ஆகவில்லை!

அப்புறம் குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒற்றைக் கையில் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு வருகிறார். ஒல்லியான ராய்ஸ் கிரேஸி அவரைத் தரையில் சாய்த்து மேலே உட்கார்ந்ததும், பெரிதாக அடி எதுவும் விழாமலே தட்டிச் சரணடைகிறார். பிரேசிலில் கிரேஸி குடும்பம் பல காலம் வளர்த்த தரைச்சண்டை என்னவென்று அன்று அமெரிக்கா பார்த்தது, கென் ஷாம்ராக்கும் இறுதியில் கோர்டோவும்கூட ராய்ஸிடம் கழுத்து நெரிபட்டுத்தான் தோற்றார்கள்.

படத் தெளிவு அந்தக் காலத்துத் தொலைக்காட்சித் தரம்தான், பரவாயில்லை. ஜப்பானில் நடந்த பிரைடு என்ற இதே மாதிரிப் போட்டியின் சண்டைகளும் இருக்கின்றன, தலையில் மிதிப்பதுவரை அங்கே அனுமதி இருந்தது. நியூ ஜெர்சியில் உருவான பொது விதிகள் வந்த பிறகான சண்டைகளை அடுத்து ஓட்டினால், கையுறை, சுற்று, எடை எல்லாம் எப்படி ஆட்டத்தையே மாற்றின என்று கண்ணெதிரே தெரியும். வரிசையாகப் பாருங்கள், இடையில் தாவாதீர்கள்.