வெள்ளையா, கார்பனா, வெட்டி வைத்த வலையா? கடலோரக் காரின் ஏசி ஃபில்டர்

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஏசி ஃபில்டர் கேட்டால் “சாதாவா, கார்பனா?” என்பார்கள். ஷெட்டுக்குப் போனால் மூன்றாவது வழி ஒன்று வரும்: “எதுக்குண்ணே காசு, ஸ்பிளிட் ஏசி வலையை வெட்டி வெச்சுடலாம்.” கடலூர், பாண்டி வட்டாரத்தில் ஓடும் வண்டிக்கு என் ஓட்டு வெள்ளை நிறச் சாதா ஃபில்டருக்குத்தான். ஆனால் வருடத்துக்கு இரண்டு. கார்பன் சில பேருக்குத் தேவைப்படும். வெட்டி வைப்பதில் ஒரே ஒரு வழிதான் தேறும்.

கார்பன் என்பது வாடையைப் பிடிக்கக் கரி சேர்த்த ஃபில்டர். தூசியைப் பிடிப்பதில் சாதாவும் கார்பனும் ஏறக்குறைய ஒன்றுதான். மாட்டும் விதமும் ஒன்று. சாதா சில நூறு ரூபாய், கார்பன் அதைப்போல் ஒன்றரை இரண்டு மடங்கு. இதிலெல்லாம் நின்று பேச ஒன்றுமில்லை.

நின்று பேச வேண்டியது கூலிங் காயிலைப் பற்றி, அதாவது காற்றைக் குளிர வைக்கும் தகட்டு அடுக்கைப் பற்றி. ஃபில்டர் நம் மூக்குக்காக இருப்பதாக நினைக்கிறோம். அது முதலில் காப்பாற்றுவது காயிலை. ஏசி ஓடும்வரை காயில் நனைந்தேதான் இருக்கும். நம் கடற்கரைக் காற்றில் உள்ள ஈரத்துக்கு, ஏசி போட்டபடி நிற்கும் வண்டியின் அடியில் கொஞ்ச நேரத்தில் குட்டையே கட்டிவிடும். அந்த ஈரத் தகடுகளின் மேல் கடலூரை ஒட்டிய கேப்பர் மலைச் செம்மண் தூசி படிந்தால் சேறுதான். தகட்டு இடுக்குகளை முதலில் அடைக்கும், பிறகு அந்தத் தண்ணீரை வெளியே விடும் டிரெயின் ட்யூபை அடைக்கும். இடப்பக்கக் கால்மிதி மழையில்லாத நாளிலும் ஈரமாக இருந்தால் அது இந்த அடைப்பாகத்தான் இருக்கக்கூடும். காயிலை வெளியே எடுக்கப் பல வண்டிகளில் டேஷ்போர்டையே இறக்க வேண்டும், கேஸையும் எடுத்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு முறை இறக்கிய டேஷ்போர்டு பழையபடி சத்தமில்லாமல் உட்காருவது அபூர்வம்.

அடைத்துப்போன ஃபில்டரும் இதே காயிலைத்தான் படுத்தும். காற்று போதாமல் காயிலில் ஐஸ் கட்டும். பாண்டியில் கிளம்பும்போது நன்றாகக் குளிரும், திண்டிவனம் வருவதற்குள் காற்று மெலிந்துபோகும். ஏசியை அணைத்துப் புளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டால் காற்று திரும்பி வரும். ஃபில்டரை எடுத்துவிட்டு ஓட்டியும் இப்படியே நடந்தால், காயிலின் வெப்பத்தை அளக்கும் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. புளோயரின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டரைக் குளிர வைப்பதே அதன் மேல் போகும் காற்றுதான். அது குறைந்தால் சூடேறிப் போய்விடும். புளோயர் 1, 2, 3-ல் ஓடாமல் 4-ல் மட்டும் சுற்றினால் பெரும்பாலும் போனது ரெசிஸ்டர்.

ஆக, எந்த ஃபில்டர் என்பதைவிட, எதைத் தள்ளிப்போடாமல் மாற்றுவோம் என்பதுதான் கேள்வி. வெள்ளை ஜெயிப்பது இங்கேதான். அதன் அழுக்கு கண்ணுக்குத் தெரியும். மடிப்பைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால் அடிவரை பழுப்பா, மேலாகத்தான் தூசியா என்று நொடியில் சொல்லிவிடலாம். கார்பன் ஃபில்டர் பிறக்கும்போதே கறுப்போ சாம்பலோ. தூசி எவ்வளவு, கரியில் இன்னும் உயிர் இருக்கிறதா, எதையும் வெளியிலிருந்து சொல்ல முடியாது. “விலை கூடக் கொடுத்தோமே, இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்” என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும்.

கையேட்டில் 10,000, 20,000 கிலோமீட்டர் என்று வண்டிக்கு வண்டி ஒரு கணக்கு இருக்கும். இங்கே கிலோமீட்டரைவிடக் காலண்டரைப் பார்ப்பது நல்லது. ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒன்று, பொங்கல் கழித்து ஒன்று. முதலாவது, கோடைப் புழுதியோடு இருக்கும் ஃபில்டர் ஐப்பசி மழையில் நனையாமல் இருக்க. இரண்டாவது, மழைக்காலம் முழுக்க ஈரத்தில் இருந்து பூஞ்சை வாடை பிடித்ததைத் தூக்கிப்போட. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது போல வண்டிக்குள் தண்ணீர் ஏறிவிட்டால், ஃபில்டர் நேற்று மாட்டியதாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

கார்பன் யாருக்கு? கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை வழியாகத் தினமும் சிதம்பரம் சாலையில் போகிறவர்களுக்கு. பண்ருட்டிப் பக்கம் முந்திரி வறுக்கும் புகைக்குள் போய் வருகிறவர்களுக்கு. மீன் துறைமுகத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு. வாடையைப் பிடிக்க வெள்ளை ஃபில்டரால் ஆகாது, கரிதான் வேண்டும். ஆனால் காற்றில் ஈரம் கூடினால் கரியின் நுண்துளைகளில் நீராவியும் போய் இடம் பிடித்துக்கொள்ளும், வாடைக்கு மிஞ்சும் இடம் குறையும். அதனால் நம் ஊரில் கரியின் பலன் பெட்டியில் போட்டிருக்கும் காலம்வரை வராது என்பது என் கணிப்பு. எத்தனை மாதம் என்று அறுதியிட மாட்டேன். வாடை மறுபடி தெரிய ஆரம்பித்தால் கரி தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். அதே அளவு வெள்ளையைவிடக் கனமாக இருக்க வேண்டும், மடிப்புக்குள் கரி மணிகள் விரலில் நெருட வேண்டும். லேசாகவும் வழுவழுப்பாகவும் இருந்தால் சாயம் ஏற்றிய துணியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வலைக்கு வருவோம். ஸ்பிளிட் ஏசியின் நைலான் வலை முடியையும் பஞ்சையும் நிறுத்தும். புழுதி அதன் கண்களில் நேராகப் போய்விடும். ஸ்பாஞ்ச் இன்னும் மோசம்: ஈரத்தை உறிஞ்சும், நாறும், நாளானால் பொடிப்பொடியாக உதிர்ந்து காயிலிலேயே போய் ஒட்டும். அப்படியென்றால் முகக்கவசத் துணியை வைக்கலாமே என்பார்கள். துணி நல்லதுதான், பரப்பு போதாது. 20 செ.மீ.க்கு 20 செ.மீ. சட்டத்தில் தட்டையாக ஒரு துணியை விரித்தால் 400 சதுர செ.மீ. அதே சட்டத்தில் 2.5 செ.மீ. ஆழத்தில் 30 மடிப்பு இருந்தால், மடிப்புக்கு இரண்டு பக்கம், மொத்தம் 3,000 சதுர செ.மீ. ஏழரை மடங்கு. தட்டைத் துணியில் காற்று அத்தனை மடங்கு வேகமாகத் துளைத்துப் போக வேண்டும். முடியாதபோது ஓரத்தில் சந்து தேடும், தூசியும் அந்தச் சந்து வழியே போகும்.

தேறும் முறை இது: நம் வண்டிக்குரிய ஃபில்டர் கிடைக்கவில்லையென்றால், அதே உயரத்தில் கொஞ்சம் பெரிய வேறு வண்டி ஃபில்டரை வாங்கி வெட்டுவது. மடிப்பு வரியை ஒட்டி வெட்டினால் சுலபம். மடிப்புக்குக் குறுக்கே வெட்டினால் மடிப்புகளின் வாய் திறந்துகொள்ளும். அங்கே ஃபோம் டேப்பை இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். நாலு ஓரமும் சுவரில் இறுக்கமாக உட்கார வேண்டும். ஃபில்டரே இல்லாமல் வந்த பழைய அடிப்படை மாடல்களில் சிலவற்றுக்கு, இடம் மட்டும் விட்டு பிளாஸ்டிக் மூடியால் அடைத்திருப்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மேல் மாடலின் ஃபில்டரையே வாங்கி மாட்டலாம். அதை ஒட்டுவேலை என்றே சொல்ல முடியாது.

பஞ்சர் கடையில் ஏர் அடித்து வாங்கி மறுபடி மாட்டுவது இங்கே வழக்கம். அவசரத்துக்கு ஒரு தடவை, தள்ளிப் பிடித்து, சுத்தமான பக்கத்திலிருந்து அடிக்கலாம். கிட்டத்தில் அடித்தால் துணி கிழியும். கிழிசல் கண்ணுக்குத் தெரியாது. சோப்புத் தண்ணீரில் அலசவே கூடாது. பல ஃபில்டர்களில் நுண்தூசியை இழுத்துப் பிடிப்பது இழைகளில் ஏற்றிய மின்னூட்டம். அலசினால் அது போய்விடும், வெள்ளை நிறம் மட்டும் திரும்பும்.

மாட்டப் பத்து நிமிடம் போதும். பெரும்பாலான வண்டிகளில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைக் காலி செய்து, பக்கத்தில் பெட்டியை மெதுவாகத் திறக்க வைக்கும் டேம்பர் கயிறு இருந்தால் முதலில் அதைக் கழற்றி, இரண்டு பக்கச் சுவரையும் உள்நோக்கி அழுத்தினால் கீழே தொங்கும். மூடியின் கிளிப்பைப் பலமாக இழுத்து உடைத்துவிட வேண்டாம். பழைய ஃபில்டரைச் சாய்க்காமல், கிடந்த வாக்கிலேயே இழுத்து எடுங்கள். சாய்த்தால் மேலே கிடக்கும் சவுக்கு ஊசியும் வேப்பஞ்சருகும் புளோயர் விசிறியில் விழுந்து கடகடக்கும். அழுக்குப் பக்கம் எது என்று பார்த்துக்கொண்டால் காற்று வரும் திசை தெரிந்துவிடும், புதியதன் அம்புக்குறி அதே திசையில் போக வேண்டும். ஃபில்டர் இல்லாமல் ஒரு தடவை புளோயரை ஓடவிட்டுப் பாருங்கள். காற்று சட்டென்று கூடினால் அடைப்பு ஃபில்டரில்தான் இருந்தது. கூடவில்லையென்றால் காயிலே அடைத்திருக்கலாம், புது ஃபில்டரால் அது சரியாகாது. புதியதன் சட்ட ஓரத்தில் மார்க்கரால் மாதத்தையும் கிலோமீட்டரையும் எழுதிவிட்டு உள்ளே தள்ளுங்கள்.

தென்னந்தோப்பில் வண்டி நிறுத்துகிறவர்கள் ஃபில்டரில் தேங்காய் நாரும் கடித்த மடிப்பும் கண்டால், எலி வைப்பருக்குக் கீழே உள்ள காற்று வாய் வழியாக வந்திருக்கும். அந்த வாய்க்கு உள்பக்கமாகச் சிறு கண் இரும்பு வலையை வெட்டிக் கட்டினால் போதும். நைலான் வலை அங்கேயும் உதவாது, ஒரே ராத்திரியில் கடித்துவிடும்.